சாட்சிக்கு ஒரு கார்டு

மெமரி கார்டு வாங்குவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சேரிகளுக்குக் கேமராவோடு போய்வரும் எங்களுக்கு அதில் அரசியல் இருப்பதாகத்தான் படுகிறது.

பட்டு, கோயில் என்று இந்த ஊரைப் படம் பிடிப்பவர்களுக்குக் குறைவில்லை. முன்பணக் கடனுக்காகக் குடும்பமே தறியில் உட்கார்ந்திருக்கும் வீட்டையும், இரவில் உடைக்கப்பட்ட கதவையும், அடிபட்ட தோளையும் படம் பிடிக்க யார் வருகிறார்கள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, வழக்கின் நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் வழக்கு என்று ஒன்று பதிவாவதற்கே நம் மக்கள் அலைய வேண்டியிருக்கிறது. அதற்குள் காயம் ஆறிவிடும், கதவை மாற்றிவிடுவார்கள், சாட்சியை ஊர் பேசி மடக்கிவிடும்.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் ஆணவக் கொலை செய்யப்பட்ட தலித் இளைஞர் அவர். முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் தண்டித்ததற்கும், முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்ததற்கும் அந்தக் காட்சிகள் முக்கிய ஆதாரமாக நின்றன.

இந்த நினைப்போடுதான் நாங்கள் கார்டு வாங்கப் போனோம். கடைக்காரர், "128 ஜிபி ஒண்ணு எடுத்துக்குங்க சார், ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார். கல்யாண வீடியோ எடுப்பவருக்கு அது சரியான யோசனை. அவர் எடுத்ததைக் கணினியில் ஏற்றிவிட்டு, கார்டை அழித்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிடுவார். நாங்கள் அழிக்க முடியாது. எங்களுக்கு அந்தக் கார்டுதான் அசல்.

இதை நாங்களாகச் சொல்லவில்லை. மெமரி கார்டில் உள்ள பதிவு சட்டப்படி ஓர் 'ஆவணம்' என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொன்னது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றிய 2020 ஜூலை தீர்ப்பில், அசல் கருவியையே உரியவர் நேரில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை, நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. அது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும்.

அதனால் பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி கார்டுகள் நான்கு வாங்கினோம். ஒரு சம்பவத்துக்கு ஒரு கார்டு. ஒரு வழக்குக்காகக் கார்டை ஒப்படைத்தால் இன்னொரு பெண்ணின் வாக்குமூலமும் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது. எங்கள் கேமரா ஃபுல் எச்டியில் நொடிக்கு 28 மெகாபிட் எழுதுகிறது. எட்டால் வகுத்தால் மூன்றரை மெகாபைட். அந்தக் கணக்கில் 32 ஜிபியில் இரண்டரை மணி நேரம் பதியலாம்.

கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 100, 170 போன்ற எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது விடாமல் எழுதும் வேகம். வட்டத்துக்குள் 10, யு1, வி10 என்ற குறிகள் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்பதைக் காட்டுகின்றன. ஃபுல் எச்டிக்கு அது தாராளம். 4கே எடுப்பவர்கள் யு3 அல்லது வி30 வாங்குங்கள்.

அடாப்டரில் செருகும் மைக்ரோ கார்டு வேண்டாம், முழு அளவு எஸ்டி கார்டே வாங்குங்கள். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும். பதிவு முடிந்ததும் அதைத் தள்ளிவிட்டால் கேமரா அதன்மேல் எழுதாது, அழிக்காது. போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. 8 ஜிபி சரக்கு 32 என்று முகம் காட்டும். பட்டா இல்லையா என்று நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கும் ஊர் இது. கார்டையும் சோதிக்காமல் விடலாமா? எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

ஒரு சேரியில் பேசி முடித்த அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, நான் சொன்னது இதுலயே இருக்குமா? வேற எதுனா எடுக்கறதுக்கு அழிச்சிட மாட்டீங்களே?" அழிக்க மாட்டோம் என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே பூட்டைத் தள்ளினோம். கார்டை உறையிலிட்டு, தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டோம்.

எங்கள் பதிவு நீதிமன்றக் கூண்டில் சொல்லும் சாட்சியத்துக்கு மாற்று ஆகாது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஊர் சொல்லும் நாளில், நடந்தது என்று எடுத்து வைக்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தோழர்களே, வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருங்கிப்போன நகலை நம்பி இருக்காதீர்கள். சில நூறு ரூபாய் போனால் போகட்டும், அசலைப் பூட்டி வையுங்கள்.