மீன்களுடன் மதுரைக்கு

மனிதர்களுடன் பிரயாணம் செய்வது கஷ்டமா, மீன்களுடன் பிரயாணம் செய்வது கஷ்டமா என்று யாராவது கேட்டால், மனிதர்களுடன்தான் என்று தயங்காமல் சொல்வேன். மீன்கள் வழியில் காப்பி கேட்பதில்லை. ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை போடுவதில்லை. ஆனால், மனிதருக்கு ஓர் அசௌகரியம் நேர்ந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். மீன் சொல்லாது. செத்து மிதக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது மூன்று வருஷங்களுக்கு முன்பு. மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, என் பெண் வளர்த்த எட்டு மீன்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் விட்டேன். புறப்படுமுன் வயிறாரத் தீனி போட்டேன். விளிம்பு வரை ஜலம் நிரப்பி, சிந்தாதபடி மூடியை இறுக மூடினேன். விக்கிரவாண்டியில் திறந்து பார்த்தோம். ஒன்றுகூட உயிருடன் இல்லை. குழந்தை அழவில்லை, சென்னை வந்து சேரும் வரையில் என்னுடன் பேசவும் இல்லை.

இந்தக் கோடையில் மீண்டும் மதுரைக்கு மாற்றல் வந்தது. இப்போது தொட்டியில் இருந்தவை ஆறு "மிஸ் கேரளா" மீன்கள். வெள்ளி உடலில் கறுப்புக் கோடு. அதன்மேல் சிவப்புத் தீற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடைக்காத அசல் சுதேசி மீன். பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் 1865-ல் இதை விவரித்து உலகுக்கு அறிவித்தார். பிற்காலத்தில் அயல்நாட்டுத் தொட்டிகளுக்காக அளவின்றிப் பிடித்ததில், இன்று அழியும் அபாயத்திலுள்ள ஜீவன்களில் ஒன்றாகிவிட்டது. எங்களுடையவை பண்ணையில் பிறந்தவை. ஆனாலும் குளிர்ந்து ஓடும் ஜலத்துக்குரிய ஜாதி. அதை வைகாசி வெயிலில் 460 கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும்!

கொளத்தூர்க் கலர் மீன் கடைக்காரர் என் பழைய கதையைக் கேட்டுச் சிரித்தார். "தண்ணீர் குறையட்டும் சார், காற்று நிறையட்டும்" என்றார். எவ்வளவு பெரிய உண்மை! மீன் சுவாசிப்பது ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவை. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் ஜலத்தில் அது 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் ஏழரையாகக் குறைந்துவிடும். வாளியை விளிம்பு வரை நிரப்பி மூடிய நான், மீன்களின் மூச்சுக்கு வழியே இல்லாமல் செய்திருந்தேன். தின்ற தீனியோ கழிவாகி, அம்மோனியா என்னும் விஷமாய் அதே ஜலத்தில் கலந்திருக்கிறது.

ஆகவே இம்முறை புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே மீன்களுக்கு உபவாசம். பைக்கு இரண்டாக மூன்று இரட்டைப் பைகள். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு ஜலம், மற்ற இரண்டு பங்கு சிலிண்டரிலிருந்து பிடித்த பிராணவாயு. மூலையில் மீன் சிக்காதபடி பையின் மூலைகளை ரப்பரால் கட்டினார். பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி மூடினோம். இருட்டில் மீன் மிரளாது, சூடும் எளிதில் ஏறாது. தொட்டியைக் காலி செய்தே ஏற்றினோம். 60 லிட்டர் ஜலம் 60 கிலோ பாரம், குலுங்கினால் கண்ணாடி தாங்காது. வடிகட்டியின் பஞ்சை மட்டும் பழைய தொட்டி ஜலத்தில் ஊற வைத்துக் கொண்டோம். அம்மோனியாவின் விஷத்தை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டிப் பாலாறு வந்தது: வெறும் மணல். விழுப்புரத்துக்கப்பால் தென்பெண்ணை: மணலும் முள்ளும். தொழுதூரில் வெள்ளாறு. சமயபுரம் கழிந்து கொள்ளிடம், அடுத்துக் காவிரி. மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. மலைக்கோட்டை மட்டும் கம்பீரமாக நின்றது. கீழே மணல்திட்டுகளுக்கிடையே சில ஜலக்கோடுகள். சாப்பிட இறங்கியபோதெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் வண்டியிலேயே இருந்தோம். வெயிலில் பூட்டிய கார் அடுப்பாகிவிடும். விராலிமலை, மேலூர் எல்லாம் கடந்து வைகைப் பாலம் ஏறும்போது பகல் ஒரு மணி. வைகையிலும் அதே காட்சிதான்.

வீட்டை அடைந்ததும் குளோரின் நீக்கிய ஜலத்தால் தொட்டியை நிரப்பி, பைகளைத் திறவாமலே இருபது நிமிஷம் மிதக்க விட்டோம்; இரண்டு ஜலத்தின் சூடும் சமமாக வேண்டுமல்லவா? திறந்த பிறகு தாமதிக்கலாகாது. மூடிய பையில் சேர்ந்த கரியமிலவாயு அம்மோனியாவின் விஷத்தை அடக்கி வைத்திருக்கும். திறந்தால் அது வெளியேறி, விஷம் தலைதூக்கும். எனவே மீன்களை மட்டும் வலையால் எடுத்து விட்டோம்; பை ஜலத்தைக் கொட்டிவிட்டோம்.

ஒன்று, இரண்டு, மூன்று... என் பெண் விரல்விட்டு எண்ணினாள். ஆறும் நீந்தின! மூன்று வருஷத்துக் கடன் தீர்ந்தது என்று மூச்சுவிட்டேன்.

அப்போது அவள் கேட்டாள்: "அப்பா, வழியில் பை கிழிந்திருந்தால் அவசரத்துக்கு எந்த ஆற்றில் தண்ணீர் மொண்டிருப்போம்? ஆறு ஆறு தாண்டினோமே!"

மீனைக் காப்பாற்றும் வித்தையைக் கடைக்காரரிடம் கற்றுக்கொண்டேன். இந்தக் கேள்விக்குப் பதிலை நாம் எல்லோரும் சேர்ந்துதான் கற்க வேண்டும்.