கூட்டம் கலைந்த பிறகு ஒரு பாட்டு

ஆடி மாசம் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அம்மன் கோயில் கச்சேரிக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். குத்துப்பாட்டு ஓடும்போது நிற்க இடம் இருக்காது. கடைசிப் பாட்டு வரும்போது பாதி நாற்காலி காலி. தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தர் கிளம்புவார், சவுண்ட் சர்வீஸ் பையன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்திருப்பான். ஆனாலும் பாடுகிறவர் மைக்கை விடமாட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்காக முழுசாகப் பாடிவிட்டுத்தான் இறங்குவார்.

1974 அக்டோபரில் இங்கிலாந்தில் வெளியான ஒரு இசைத்தட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பாட்டின் பெயர் 'சாட்டர்டே கிக்ஸ்', அதாவது சனிக்கிழமைக் கச்சேரிகள். பாடிய குழு 'மாட் தி ஹூப்பிள்'. "யாருப்பா இவங்க?" என்று நீங்கள் கேட்டால் தப்பில்லை. அதுவே பாதிக் கதை.

முதலில் கிளாம் ராக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1971 வாக்கில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் முகத்தில் ஜிகினா ஒட்டிக்கொண்டு டிவியில் வந்து பாடினார். அதோடு பிடித்துக்கொண்டது. ஆம்பிளைகள் கண்ணுக்கு மை, பளபளக்கும் சட்டை, அரையடி உயரச் செருப்பு என்று மேடை ஏறினார்கள். உள்ளே இருந்தது எளிமையான, தட்டித் தட்டி ஆடவைக்கிற ராக் இசைதான்.

மாட் தி ஹூப்பிள் 1969-ல் சேர்ந்த குழு. மேடையில் கூட்டம் அள்ளும், ஆனால் ஆல்பம் விற்காது. 1972 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் ஒரு பழைய கேஸ் டேங்குக்குள் நடந்த கச்சேரியோடு வெறுத்துப்போய், கலைந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பாஸ் கிட்டார் வாசிக்கும் ஓவரெண்ட் வாட்ஸ் வேறு வேலை கிடைக்குமா என்று டேவிட் போவிக்கு போன் போட்டார். போவி பதறிப்போய், கலையாதீர்கள் என்று தன்னுடைய பாட்டு ஒன்றைக் கொடுத்தார். வேண்டாம் என்றார்கள் (என்ன திமிர்!). இன்னொன்று கொடுத்தார். அதுதான் 'ஆல் தி யங் டூட்ஸ்'. இங்கிலாந்துப் பட்டியலில் மூன்றாம் இடம். ஒரே பாட்டில் கிளாம் உலகத்தின் நாயகர்கள் ஆகிவிட்டார்கள்.

ஆனால் அலை என்றால் இறங்கத்தானே வேண்டும்? 1973 ஜூலையில் போவியே தன் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' வேஷத்தை மேடையில் வைத்தே முடித்துக்கொண்டார். 1974-ல் அவர் அமெரிக்காவில் கருப்பின மக்களின் சோல் இசைப் பக்கம் போய்விட்டார். மாட் குழுவின் கடைசி மூன்று சிங்கிள்கள் பட்டியலில் பிடித்த இடங்களைப் பாருங்கள்: 16, 33, 41. அந்த 41 தான் 'சாட்டர்டே கிக்ஸ்'.

பாட்டு என்ன சொல்கிறது? குழுவின் பாடகர் இயன் ஹன்டர் எழுதியது. 1969-ல் தொடங்கி வருஷம் வருஷமாகத் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். தோற்றது, விட்டுவிட நினைத்தது, ஜெயித்தது, போட்டுக்கொண்ட உடுப்பு, காசு கொடுத்துப் பார்க்க வந்த பிள்ளைகள்... கடைசியில் போய்வருகிறோம் என்று திரும்பத் திரும்பப் பாடி முடிக்கிறார்கள். ஹிட் ஆக்க வேண்டும் என்று நினைப்பவர் எழுதுகிற பாட்டா இது? உடன் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். அந்த வருஷம் முடிவதற்குள் ஹன்டரும், புதிதாகச் சேர்ந்திருந்த கிட்டார் கலைஞர் மிக் ரான்சனும் விலகிவிட்டார்கள்.

இப்போது கதையின் மறுபாதி. 1973 கடைசியில் மாட் குழு இங்கிலாந்து முழுக்கச் சுற்றியபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்த சின்னக் குழு ஒன்று உண்டு. அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கும் கூட வந்தது. அதன் பாடகர் நம்ம ஊர் பஞ்சகனி போர்டிங் ஸ்கூலில் படித்த பார்சி பையன், ஃபரூக் புல்சாரா. உலகத்துக்கு ஃப்ரெடி மெர்குரி. குழு 'குவீன்'. அதே 1974 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட 'கில்லர் குவீன்' இரண்டாம் இடம் வரை போனது. அதுவும் கிளாம் பாட்டுதான்! ஒரே மாதம், ஒரே பாணி, முன்னே வாசித்தவர்களுக்கு 2, தலைமை தாங்கியவர்களுக்கு 41. குவீன் அந்த ஜிகினாவைத் தாண்டி எங்கே போனார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

தமிழ் சினிமாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 'ஹரிதாஸ்' (1944) கொடுத்த எம்.கே. தியாகராஜ பாகவதர், சிறையிலிருந்து வெளியே வந்து 1948-ல் 'ராஜமுக்தி' எடுத்தார். படம் ஓடவில்லை. பாட்டுக் காலம் போய் வசனக் காலம் வந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தில் துணைப் பாத்திரத்தில் நடித்தவர் எம்.ஜி.ஆர்.

இதைக் கேட்டால் கொஞ்சம் வயிறு எரியும்தான். காலேஜ் கல்ச்சுரல்ஸில் இறுதி வருஷக்காரர்கள் கடைசியாக வாசித்துவிட்டு இறங்கும்போது, முதல் வருஷப் பையன் வந்து தூள் கிளப்பிவிட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆனால் மாட் குழு ஜெயித்தவர்களைப் பார்த்து காப்பி அடிக்கவில்லை. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று தெரிந்தும், இருந்தவர்களைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நன்றி வீண் போகவில்லை. 2009 அக்டோபரில், 40 வருஷம் ஆனதைக் கொண்டாட, பழைய ஆட்கள் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். ஹன்டருக்கு அப்போது 70 வயது. மூன்றாம் இடம் வந்த பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பாடி முடித்து, இன்னொன்றும் வாசித்துவிட்டு, 41-ம் இடம் வந்த 'சாட்டர்டே கிக்ஸ்' பாடித்தான் கச்சேரியை முடித்தார்கள்.

முப்பத்தைந்து வருஷம் கழித்தும் முன்வரிசை கலையவில்லை.