காப்பி அடிக்கலாம்!



"பக்கத்துப் பிள்ளை நோட்டு கேட்டால் கொடுக்கணும்" என்று சொல்லியே என் சர்வீஸ் முழுக்க ஓடியது. கம்ப்யூட்டர் லேபில் மட்டும் "காப்பி பண்ணாதே" என்று சொல்ல வேண்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் நிபந்தனை அப்படி.

கட்டற்ற மென்பொருளில் அந்தச் சங்கடமே இல்லை. யாரும் எடுக்கலாம், பகிரலாம், மாற்றியும் எழுதலாம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. நம் சென்னை சி-டாக்கில் உருவானதுதான். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லித்தர ஆளில்லை.

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தது. அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. பாடமும் தேர்வும் அதிலேயே நடந்தன. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தால் மட்டும் போதாது, கூட உட்கார ஒரு ஆள் வேண்டும்.

ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகளே, ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை நம் பள்ளிக்கும் போங்கள். ஸ்டெல்லேரியம் போட்டு வியாழனையும் அதன் நிலாக்களையும் காட்டுங்கள். எழுத ஆசைப்படுகிறவர்களுக்குப் பைத்தானில் நாலு வரி சொல்லிக்கொடுங்கள். கேட்கிற பிள்ளைக்குப் பென் டிரைவில் காப்பி போட்டுக் கொடுங்கள்.

இந்தக் காப்பிக்கு நான் பிரம்பு எடுக்கமாட்டேன்.