ஆட்டை எங்க வெக்கறதுன்னு சொல்லிக் குடுத்த மாப்ள



சென்னையில இருந்து வந்த சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போன வாரம் கேட்டான், "பொழுது போனா இங்க என்னதான் மாமா பண்ணுவீங்க? சினிமா இல்ல, மால் இல்ல, எப்படித்தான் இருக்கீங்க?"ன்னு. இப்போ எங்களுக்குப் பொழுது போறது ஆடு புலி ஆட்டத்துல. அதைச் சொன்னா சிரிப்பான்னு நெனச்சேன், சிரிக்கல. எப்படி ஆடறதுன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதிடலாம்னு உக்காந்தேன். எழுத ஆரம்பிச்சா அது எங்கெங்கயோ போகுது. கொஞ்சம் வெக்கக்கேடான விசயமும் இருக்கு, அதையும் சேர்த்தே எழுதறேன்.

நாங்க நாலு பேர் கூட்டாளிங்க. நான், மேக்காட்டு மாமா, கெணத்துமேட்டுப் பங்காளி, அப்புறம் ஆட்டுப்பட்டி வெச்சிருக்கற மாப்ள. சின்ன வயசுல இருந்து ஒண்ணாவே சுத்தினவங்க. தோட்டத்துக்குத் தண்ணி கட்ட த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரிலதான் வரும். சில நாள் பத்து மணிக்கு, சில நாள் பன்னெண்டுக்கு. அது வர்ற வரைக்கும் தூங்காம இருக்கணுமே. என்ற மோட்டார் ரூம்ல சாக்கை விரிச்சுப் போட்டு நாலு பேரும் சீட்டு ஆடுவோம்.

ஆரம்பத்துல ஆடினது கழுதை ஆட்டம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஐம்பத்திரண்டு சீட்டையும் நாலு பேருக்கும் பிரிச்சுடணும், ஆளுக்கு பதிமூணு. இஸ்பேட் ஆஸ் வெச்சிருக்கறவன் அதை எறக்கி ஆரம்பிப்பான். என்ன சாதிச் சீட்டு எறங்குதோ அதே சாதியைத்தான் மத்தவங்களும் போடணும். நாலு பேரும் போட்டுட்டா அந்தச் சீட்டு ஆட்டத்தை விட்டுப் போயிரும், பெரிய சீட்டு போட்டவன் அடுத்ததை எறக்குவான். அந்தச் சாதி கையில இல்லாதவன் வேற சாதியில ஒண்ணைப் போட்டு வெட்டுவான். வெட்டினா, கீழ கெடக்கறதுல அந்தச் சாதியில பெரிய சீட்டு போட்டவன் மொத்தத்தையும் அள்ளிக்கணும். கையில சீட்டு தீந்தவன் தப்பிச்சான். கடைசியில சீட்டோட நிக்கறவன் கழுதை. மேக்காட்டு மாமா ஒரே ராத்திரில ஆறு தடவை கழுதை ஆகியிருக்கார். அடுத்த நாள் சந்தையில வெச்சு நாங்க கனைச்சுக் காட்டுவோம், அவரும் பதிலுக்குக் கனைப்பார்.

அப்படியே இருந்திருக்கலாம். கழுதை சலிச்சுப்போய் ரம்மிக்கு வந்தோம். ரம்மிக்கு அஞ்சு ரூபா, பத்து ரூபான்னு காசு வந்துச்சு. அப்புறம் உள்ளே வெளியே வந்துச்சு. அதுல ஆட்டம்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்லீங்க. நாம சொன்ன சீட்டு உள்ள விழுதா வெளிய விழுதா, அவ்வளவுதான். யோசிக்கறதுக்கு எதுவும் இல்லாததாலயே கை சும்மா இருக்க மாட்டேங்குது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆடிப் பதினெட்டு அன்னிக்கு ராத்திரி மாப்ள தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்தான். விட்டதைப் புடிக்கறேன் புடிக்கறேன்னு வெச்சான். விடியறப்போ எட்டாயிரத்து ஐநூறு ரூபா என்ற பக்கம் இருந்துச்சு. நிறுத்திக்கலாம்னு நான் ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். ஜெயிச்சுக்கிட்டு இருக்கறவன் சொல்ற பேச்சு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டு நாள் கழிச்சு மாப்ள சம்சாரம் எங்க ஊட்டுக்கு வந்துச்சு. எனக்குத் தங்கச்சி முறை. சண்டை போடல, சத்தம் போடல. வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, "அண்ணா, நீங்க ஜெயிச்சது புள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டறதுக்கு ஆடு வித்து வெச்சிருந்த காசுங்ணா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொல்றேன்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. என்ற சம்சாரம் உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்தா. அன்னிக்குச் சோறு போட்டா, ஆனா ஒரு வார்த்தை பேசல.

அன்னிக்கு சாயங்காலமே காசை எடுத்துக்கிட்டு பட்டிக்குப் போனேன். மாப்ள வாங்கல. "ஆட்டத்துல தோத்ததை வாங்கற அளவுக்கு நான் தாழ்ந்து போகல மச்சான்"னு சொன்னான். நான் பதிலுக்கு, "அப்போ புள்ளை பீசுல விளையாடறது மட்டும் ஒசத்தியா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதோட பேச்சு நின்னு போச்சு. பீஸை எங்கயோ வட்டிக்கு வாங்கிக் கட்டினான்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்தக் காசை நானும் தொடல. பீரோல மஞ்சப்பைக்குள்ள அப்படியே கெடந்துச்சு.

சீட்டுக்கட்டு அதோட அடுப்புக்குப் போச்சு. நாலு பேர் மூணு பேர் ஆனோம், மூணு பேர் தனித்தனி ஆனோம். மோட்டார் ரூம்ல நான் மட்டும் செல்லை நோண்டிக்கிட்டுக் கெடப்பேன். எதுத்தாப்புல மாப்ள வந்தா அவன் ஆட்டைப் பாப்பான், நான் வாய்க்காலைப் பாப்பேன். ஒன்றரை வருசம் இப்படியே ஓடுச்சு.

போன மார்கழிக்கு ஊர்க் கோயில் மண்டபத்தைக் கழுவி விட்டோம். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கல்லு கன்னங்கரேல்னு இருந்துச்சு. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சப்போ ஒரு கல்லுல கோடு கோடாத் தெரிஞ்சுது. கூம்பு மாதிரி ஒரு உச்சி, அதுல இருந்து எறங்கற கோடு, குறுக்கக் கோடு. நம்ம பக்கத்துப் பழைய கோயில் பல எடத்துலயும் கல்லுல இப்படிச் செதுக்கி வெச்சிருக்காங்க, பல்லாங்குழி கூட இருக்கும். நாமதான் அது மேல உக்காந்துக்கிட்டே அதைப் பாக்கறதில்ல. நானும் அம்பது வருசமா அந்தக் கல்லு மேல உக்காந்தவன்தான்.

எம்பது வயசைத் தாண்டின பெரியாத்தா ஒருத்தர் சாமி கும்பிட வந்தவங்க பாத்துட்டு, "அடே, ஆடு புலி! எங்கப்பாரு இதுல ஆடுவாருடா சாமி"ன்னு தரையிலயே உக்காந்துட்டாங்க. மூணு கூழாங்கல்லு புலி, பதினஞ்சு புளியங்கொட்டை ஆடு. அங்கயே எனக்கும் பங்காளிக்கும் சொல்லிக் குடுத்தாங்க.

நீங்களும் வீட்டுல போட்டுப் பாக்கலாம், சாக்பீஸ் போதும். மேல ஒரு புள்ளி வைங்க, அதுதான் உச்சி. அதுல இருந்து விசிறி மாதிரி நாலு கோடு கீழ எறக்குங்க. நாலு கோட்டோட அடியையும் ஒரு கோட்டால சேருங்க. நடுவுல குறுக்கால மூணு கோடு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டிப் போடுங்க. நீட்டின முனைகளை அந்தந்தப் பக்கம் மேல இருந்து கீழ ஒரு கோட்டால சேத்துடுங்க. இப்போ கோடும் கோடும் சேர்ற எடத்தை எண்ணுங்க. உச்சி ஒண்ணு, குறுக்குக் கோட்டுக்கு ஆறு ஆறாப் பதினெட்டு, அடியில நாலு. மொத்தம் 23 வரணும். வரலைன்னா எங்கயோ தப்பு.

எங்க ஊர் முறையில உச்சியில ஒரு புலி, அதுக்குக் கீழ முதல் குறுக்குக் கோட்டுல நடுவுல ரெண்டு புலி. ஆட்டுக்காரர் ஒரு ஆடு வெப்பார், புலிக்காரர் ஒரு புலியை ஒரு எடம் நகத்துவார். பதினஞ்சு ஆடும் எறங்கற வரைக்கும் வெச்ச ஆட்டை நகத்தக் கூடாது. புலிக்குப் பக்கத்துல ஆடு இருந்து, அதே கோட்டுல ஆட்டுக்குப் பின்னாடி எடம் காலியா இருந்தா, புலி தாண்டிக் குதிச்சு ஆட்டை வெட்டிரும். ஆறு ஆடு போனா புலி ஜெயிச்சுது. மூணு புலியும் நகர முடியாம ஆடு கட்டிருச்சுன்னா ஆடு ஜெயிச்சுது. ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். நேபாளத்துல கூட இதே மாதிரி பாக் சால்னு ஒண்ணு இருக்கு, அங்க நாலு புலி, இருபது ஆடு.

இதுல தாயக்கட்டை கெடையாது, சீட்டு கெடையாது. உள்ள விழுந்துச்சு வெளிய விழுந்துச்சுன்னு யார் மேலயும் பழி போட முடியாது. தோத்தா நம்ம புத்திதான் தோத்துச்சு. பெரியாத்தா கிட்ட நான் மொதல் நாள் ஏழு ஆட்டம் தோத்தேன். ஏழுலயும் நான்தான் ஆடு.

தினமும் சாயங்காலம் மண்டபத்துல கூட ஆரம்பிச்சோம். மேக்காட்டு மாமா வந்தார், பசங்க வந்தாங்க. ஒரு நாள் நானும் மாமாவும் ஆடிக்கிட்டு இருக்கோம். பட்டிக்கு ஆடு ஓட்டிக்கிட்டுப் போற வழியில மாப்ள வேப்பமரத்தடியில நின்னுட்டான். பாக்காத மாதிரி பாக்கறான். நானும் பாக்காத மாதிரியே ஒரு புளியங்கொட்டையைத் தூக்கி நடுவுல வெக்கப் போனேன்.

"அங்க வெக்காத மச்சான். பின்னாடி காலியா கெடக்குது பாரு. போயிரும்."

ஒன்றரை வருசத்துக்கு அப்புறம் அவன் என்னோட பேசின மொதல் பேச்சு இதுதான். எனக்குக் கை அப்படியே நின்னு போச்சு. மாமா கெட்டிக்காரர். "ஏம்ப்பா, அங்க நின்னு சொன்னா ஆச்சா? வந்து உக்காந்து வெய்யி"ன்னு நகந்து எடம் விட்டார். மாப்ள வந்து உக்காந்தான். என் முகத்தைப் பாக்கல, கல்லைத்தான் பாத்தான்.

அவன் ஆடு வெச்ச வெதமே வேற. ஓரத்துல இருந்து வெச்சுக்கிட்டு வந்தான். தனியா ஒரு ஆட்டை விடவே இல்ல, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. நான் வெச்சிருந்ததுல ரெண்டைப் புலி அடிச்சுது, அவன் கைக்கு வந்ததுல ஒண்ணுதான் போச்சு. கடைசியில மூணு புலியும் உச்சிப் பக்கம் மாட்டிக்கிச்சு. பசங்க ஒரே கூச்சல். மாப்ள, "நெசப் பட்டியிலயும் இப்படித்தான், ஓரத்தை மொதல்ல அடைக்கணும்"னான். அவ்வளவுதான் பேசினான். ஆனா அடுத்த நாளும் வந்தான்.

வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி கண் முழிக்கணுமே, அன்னிக்குப் பொம்பளைங்க பரமபதமும் தாயமும் எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கே வந்துட்டாங்க. என்ற சம்சாரமும் மாப்ள சம்சாரமும் ஒரே கட்சி. என்ற சம்சாரத்துக்குத் தாயம் விழவே இல்ல, காய் எறங்காமயே அரை மணி நேரம் உருட்டினா. அவங்க ரெண்டு பேரும் சிரிச்சதை நான் ரொம்ப நாள் கழிச்சுக் கேட்டேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவுல மாப்ள மெதுவாச் சொன்னான். "மச்சான், புள்ளைக்கு அடுத்த பீஸ் கட்டணும். அந்தக் காசு இருக்கா? இருந்தாக் குடு. கடனாத்தான் கேக்கறேன்." நான் ஒண்ணும் பேசாம ஊட்டுக்குப் போய் மஞ்சப்பையை எடுத்துக்கிட்டு வந்தேன். அவன் எண்ணல. நானும் எண்ணச் சொல்லல. ஆடு வித்துத் திருப்பித் தர்றேன்னு சொல்லியிருக்கான். நான் வாங்க மாட்டேன். அதுக்கு ஒரு சண்டை வரும், வரட்டும், பாத்துக்கலாம்.

இப்போ மோட்டார் ரூம்ல மறுபடியும் சீட்டு இருக்கு. கழுதை மட்டும்தான், காசு கெடையாது. காசு வெக்கலாமான்னு யாராவது ஆரம்பிச்சா மேக்காட்டு மாமா கனைக்க ஆரம்பிச்சுருவார்.

டவுன்ல இருக்கறவங்க இந்த ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில சாக்பீஸால ஒரு ஆடு புலி போட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாப்பார், கூப்பிட்டு உக்கார வைங்க. முதல்ல நீங்க ஆடா இருங்க, தோத்தாலும் பரவாயில்ல. 23 எடம் வந்துச்சான்னு எனக்கும் எழுதுங்க.

கரண்ட் வர்ற நேரமாச்சு. மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும். வரட்டுங்களா.