சம்பங்கிக்கு ஜரிகைக் கரை

பொதட்டூர்பேட்டைன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது தறி. ரெண்டாவது திருத்தணிக்குப் போற பஸ். மூணாவதா ஒண்ணு இருக்குன்னு சொன்னா நம்ம ஊர்க்காரனே சிரிப்பான்: சம்பங்கி. ஊருக்கு வெளியே ஆந்திரா பக்கம் போற ரோட்டுல எங்க மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) ஒரு அரை ஏக்கர் இருக்கு. அதுல சம்பங்கிதான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில புஷ்பக் காவடி எடுக்குற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு, பூவுக்கு அந்த நாலு நாள் என்ன கிராக்கின்னு சொல்லத் தேவையில்லை. மத்த நாள்ல பறிகூலிக்கே காணாது. அது தனிக்கதை.

இந்தப் பதிவு அந்தத் தோட்டத்துல முளைச்ச ஒரு இலையைப் பத்தி. ஆமாங்க, ஒரே ஒரு இலை. பொட்டி தட்டுறவனுக்கு இலையோட என்ன வேலைன்னு கேக்காதீங்க, வார நாள் பூரா ஆணி, சனி ஞாயிறுதான் இதெல்லாம்.

முதல்ல சம்பங்கி யாருன்னு பார்த்துடுவோம். நாம நிலச்சம்பங்கிங்கறோம், பக்கத்துல தெலுங்குல நேல சம்பெங்க, இந்திக்காரங்களுக்கு ரஜனிகந்தா. பேரைப் பார்த்தா ஏதோ சங்க காலத்துலேர்ந்து நம்ம கூடவே இருக்குற மாதிரி தோணும். ஆனா சொந்த ஊர் மெக்சிகோ. அங்க இருந்த அஸ்தெக் ஜனங்க இதை எலும்புப் பூன்னு கூப்பிட்டாங்களாம், வெள்ளையா இருக்கறதால. இன்னொரு ஆச்சரியம், இது நம்ம ரயில்வே லைன் ஓரத்து ஆனைக்கற்றாழைக்கு நெருங்கின சொந்தம். தாவரவியல்காரங்க பழைய பேரை எடுத்துட்டு இப்ப அந்தக் கற்றாழையோட பேரினத்துலயே இதைச் சேர்த்துட்டாங்க. அவ்ளோ முள்ளோட இருக்குற ஒருத்தருக்கு இவ்ளோ வாசனையா ஒரு தங்கச்சி.

விதை போட்டு யாரும் வளர்க்கறதில்லை. கிழங்குதான். ஒரு கிழங்கு நட்டா பக்கத்துல குட்டி குட்டியா கிழங்கு வெச்சு தூர் கட்டும். ரெண்டு மூணு வருஷம் பூ எடுத்துட்டு, மகசூல் குறைஞ்சதும் தோண்டிப் பிரிச்சு மறுபடி நடுவாங்க. இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

மூணு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மாமா கூப்பிட்டுக் காட்டினார். ஒரு தூர்ல, ஒரு பக்கத்து இலை மட்டும் ஓரத்துல மஞ்சள் கோடு. பச்சை, அதை ஒட்டி ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி மஞ்சள், நுனி வரைக்கும்.

"இன்னா மாப்ள, செடிக்குத் தல நரைச்சிக்கிச்சா?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கு மாமா."

"நல்லாயிருக்கா? நோவுடா அது. புடுங்கிப் போட்டுட்டா மத்ததுக்கு வராது."

அவர் பயம் நியாயமானது. வைரஸ் வந்தாலும் இலை மஞ்சளாகும், சத்துக் குறைஞ்சாலும் ஆகும். ஆனா அந்தக் கோடு என்னை விடலை. ஒரு வாரம் டைம் குடுங்கன்னு கெஞ்சி, தூரைத் தனியாத் தோண்டி தொட்டியில வெச்சு வீட்டு மாடிக்குக் கொண்டு போயிட்டேன். ஒரு வாரம் மூணு வருஷம் ஆயிடுச்சு :-)

நோயா இல்லையான்னு பார்க்க ஆய்வுக்கூடம் எல்லாம் இல்லை. மூணு விஷயம் பார்த்தேன். வைரஸ்னா மஞ்சள் திட்டுத் திட்டா, ஓரம் கலங்கலா வரும். இது கத்தியால வெட்டின மாதிரி. சத்துக் குறைன்னா நுண்ணூட்டம் தெளிச்சா புது இலை பச்சையாகணும். தெளிச்சேன், ஆகலை. மூணாவது, பக்கத்துத் தொட்டியில வேணும்னே நல்ல சம்பங்கி ரெண்டு வெச்சேன், ரெண்டு சீசன் ஆகியும் அதுங்களுக்கு ஒண்ணும் வரலை. அப்ப இது செடிக்குள்ளயே நடந்த மாற்றம்.

இந்த மாதிரி மாற்றத்தைப் படிச்சவங்கள்ல முக்கியமான ஒருத்தர் ஜெர்மனியில இருந்த கார்ல் காரென்ஸ். 1909-ல அவர் எடுத்துக்கிட்ட செடி என்ன தெரியுமா? அந்திமந்தாரை! எங்க அம்மா கொல்லையில யாரும் நடாம தானா வர்ற அதே அந்திமந்தாரை. அதுல ஒரு வகை, ஒரே செடியில பச்சைக் கிளை, வெளுத்த கிளை, ரெண்டும் கலந்த கிளைன்னு இருக்கும். மகரந்தம் எந்தக் கிளையிலேர்ந்து வந்தாலும் சரி, பச்சைக் கிளையில காய்ச்ச விதை பச்சையாத்தான் முளைச்சது. வெளுத்த கிளையோட விதை வெளுத்து முளைச்சு செத்துப் போச்சு, பச்சையம் இல்லாம சோறு பொங்க முடியாதே. கலந்த கிளையோட விதையில மூணு வகையும் வந்தது. அதாவது இலை நிறத்தைப் பொறுத்தவரை இங்க அப்பாவுக்குப் பேச்சே இல்லை, அம்மா சொத்து மட்டும்தான். பச்சையம் இருக்குற கணிகங்கள் தாய் வழியா மட்டும் போகுதுங்கறது இதிலேர்ந்துதான் மெதுவாப் புரிய ஆரம்பிச்சது.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். சம்பங்கியில இலைக்கோடு போட்ட ரகம் ஏற்கெனவே ரெண்டு இருக்கு. லக்னோவுல இன்னைக்குத் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம்னு இருக்கறது 1978 வரைக்கும் தேசியத் தாவரவியல் தோட்டம்ங்கற பேர்ல இருந்தது. அங்க சம்பங்கிக் கிழங்குக்குக் காமா கதிர் குடுத்து, 1974-ல ரெண்டு ரகம் கொண்டு வந்தாங்க. ரஜத் ரேகா: ஒத்தை அடுக்குப் பூ, இலைக்கு நடுவுல வெள்ளிக்கோடு. ஸ்வர்ண ரேகா: அடுக்குப் பூ, இலை ஓரத்துல தங்கக்கோடு. அதே நிலையம் காகிதப்பூவையும் விட்டு வைக்கலை. பார்த்தான்னு ஒரு ரகத்துக்குக் கதிர் குடுத்து இலையில வண்ணம் வந்த ரகத்துக்கு அர்ஜுனான்னு பேர் வெச்சாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு, ஆனா வேற வேற சட்டை. எவனோ ரசிச்சு வெச்சிருக்கான்.

இதைப் படிச்சதும் எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. அம்பது வருஷம் முன்னாடியே லக்னோவுல வந்தாச்சு, அந்தக் கிழங்குல ஒண்ணு கை மாறி கை மாறி மாமா தோட்டத்துக்கு வந்திருக்கலாமே?

பூ வந்தப்பதான் பதில் கிடைச்சது. மாமா நட்டது பிரஜ்வல். பெங்களூர் பக்கத்துல ஹெசரகட்டாவுல இருக்குற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், சிருங்கார்ங்கற ரகத்தையும் மெக்சிகன் சிங்கிளையும் சேர்த்து உருவாக்கினது. அதோட மொட்டுல லேசா ரோஸ் சாயல் இருக்கும், விரிஞ்சா வெள்ளை. என் தொட்டியில வந்த மொட்டும் அதே ரோஸ். ரஜத் ரேகா வந்த 1974-ல பிரஜ்வலே கிடையாது. தவிர, ரஜத் ரேகாவுக்குக் கோடு நடுவுல, இதுக்கு ஓரத்துல. ஸ்வர்ண ரேகாவுக்கு ஓரத்துல, ஆனா அது அடுக்குப் பூ, இது ஒத்தை. ஆக இது மாமா தோட்டத்துலயே தானா வந்ததுன்னு நம்ப எனக்குப் போதுமான காரணம் இருக்கு. கதிரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இயற்கை எப்பவாவது இப்படிக் கை தவறும்.

ஆனா ஒரு இலையில கோடு வந்தா ரகம் ஆயிடாது. கோடு நிக்கணும்.

இங்கதான் எங்கப்பா வர்றார். நாப்பது வருஷம் தறியில உக்காந்தவர். செடி கொடியில அவருக்கு ஒரு ஆர்வமும் கிடையாது. மாடியில நான் கிழங்கைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, சிலது பச்சையா போகுது, சிலதுல கோடு நிக்குது, ஏன்னு புரியலைன்னு புலம்பினப்ப, டீயைக் குடிச்சுக்கிட்டே சொன்னார்: "பாவுல கலர் நூல் இருந்தா கரை கடைசி வரைக்கும் வரும். ஊடையில மாறி விழுந்திருந்தா நாலு விரக்கடையோட போச்சு."

தறி தெரியாதவங்களுக்கு: பாவு நீளவாக்குல ஓடுற நூல், ஊடை குறுக்க போற நூல். செடியோட வளர் நுனியில செல்லுங்க அடுக்கடுக்கா இருக்கும், ஒவ்வொரு அடுக்கும் தன் போக்குல தனியாப் பெருகும். ஒரு அடுக்கு முழுக்க மாறிட்டா அந்த நுனியிலேர்ந்து வர்ற எல்லா இலைக்கும் கோடு வரும், பக்கக் கிழங்குக்கும் போகும். அடுக்குல ஒரு மூலை மட்டும் மாறியிருந்தா, அந்த மூலையிலேர்ந்து கிளம்புற இலையில மட்டும் கோடு, கொஞ்ச நாள்ல பச்சை ஜெயிச்சுடும். எங்கப்பா சொன்னது அதேதான். இவ்ளோ சுருக்கமா எனக்கு எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. (இன்ஜினியரிங்ல தாவரவியல் எங்க சொன்னாங்கங்கறீங்களா, அதுவும் சரி.)

அதனால வேலை இதுதான்: பாவுல இருக்கறதை மட்டும் பொறுக்கணும். முதல் வருஷம் கோடு இருந்த பக்கத்துலேர்ந்து ஏழு கிழங்கு. அதுல ரெண்டு முழுப் பச்சை. ஒண்ணு முழு மஞ்சளா முளைச்சு, கிழங்குல இருந்த சத்து தீர்ந்ததும் செத்துப் போச்சு, காரென்ஸோட வெள்ளை நாத்து மாதிரியே. ரெண்டுல ஒரு ஓரம் மட்டும் கோடு. ரெண்டே ரெண்டுலதான் ரெண்டு ஓரமும் சுத்தமான கரை. அந்த ரெண்டுலேர்ந்து அடுத்த வருஷம் பதினாலு கிழங்கு நட்டேன், பதிமூணுல கரை நின்னது. ஒரு ஓரக்காரங்க வெச்ச பதினோரு கிழங்குல மூணுதான் தேறிச்சு, அந்த வரிசையையே விட்டுட்டேன். இந்த வருஷம் பதிமூணுலேர்ந்து அறுபது. அதுல பச்சைக்குத் திரும்பினது ரெண்டு. பச்சையா வர்றதை உடனே எடுத்துடணும், இல்லேன்னா அதுதான் வேகமா வளர்ந்து தொட்டியைப் பிடிச்சுக்கும். பச்சையம் கூட இருக்கறவன் கூடச் சாப்பிடறான், அவ்ளோதான்.

அதே காரணத்தால கரைச் செடிக்கு வீரியம் கம்மி. பூத்தண்டு மத்ததை விட ஒரு சாண் குட்டை. உதிரிப் பூவுக்கு மாமா இதை நட்டா நஷ்டம்தான், அதை அவர்கிட்ட ஒளிக்கலை. இதோட மார்க்கெட் வேற: தொட்டிச் செடி. பூ இல்லாத மாசத்துலயும் பார்க்க லட்சணமா இருக்கும், பூத்தா வாசனை போனஸ்.

இவ்ளோ ஏன் மெனக்கெடறேன்னா, மாமாவுக்கு அம்பத்தெட்டு வயசு. பையன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலை, தோட்டத்துப் பக்கம் வர மாட்டான். விடியக்காலை மூணு மணிக்குப் பறிக்க ஆள் கிடைக்கிறதில்லை. நட்டு மூணு வருஷம் ஆச்சு, தூர் எல்லாம் தோண்டியாகணும். தோண்டினா மறுபடி நடறதா, இல்ல பிளாட் போடறவங்க கேக்கறதுக்குக் குடுத்துடறதான்னு வீட்டுல தினம் பேச்சு. அத்தை குடுத்துடலாம்ங்கறாங்க. அவங்க சொல்றதுலயும் தப்பில்லை, மாமாவுக்கு முழங்கால் வலி.

பதிவு பண்றதைப் பத்தியும் விசாரிச்சேன். 2001-ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இருக்கு. புது ரகம்னா மத்ததுலேர்ந்து தெளிவா வேறயா இருக்கணும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கணும், தலைமுறை மாறினாலும் மாறக் கூடாது. விவசாயிக்குக் கட்டணத்துல சலுகை உண்டு. கிடைச்சா மரமும் கொடியும் இல்லாத பயிருக்குப் பதினஞ்சு வருஷம் பாதுகாப்பு. முதல் நிபந்தனை ஓகே. ரெண்டாவதுக்கு அறுபதுல ரெண்டு இடிக்குது. மூணாவதுக்கு இன்னும் சில வருஷம் வேணும். மாமா பேர்லதான் போடணும்னு முடிவு, ஏன்னா முளைச்சது அவர் மண்ணுல. மாமாவுக்கு அதெல்லாம் காதுலயே விழலை, "பேரு இன்னா வெக்கப் போற?"ங்கறதுதான் அவர் கவலை.

அம்மா தணிகைன்னு வைக்கச் சொன்னாங்க. சட்டத்தைப் படிச்சா ஊர்ப் பேர் இருந்தா பதிவு பண்ண மாட்டாங்களாம், நியாயமான உபயோகம்னு பதிவாளருக்குத் தோணினா விலக்கு குடுக்கலாமாம். மாமா வள்ளின்னார். மத உணர்வைப் புண்படுத்துற மாதிரி பேர் இருக்கக் கூடாதுன்னும் ஒரு வரி இருக்கு. வள்ளி யாரைப் புண்படுத்தப் போறா, ஆனாலும் யோசனைதான். அப்பா மட்டும், "கரைன்னு வெய்யி, எவன் கேக்கறான்"னுட்டார்.

போன மாசம் தூர் எல்லாம் தோண்டியாச்சு. கிழங்கை நிழல்ல உலர்த்திப் போட்டிருக்கார் மாமா. நடறதா விக்கறதான்னு இன்னும் சொல்லலை. ஆனா போன ஞாயிறு போனப்ப, மோட்டார் கொட்டகை பக்கத்துல ரெண்டு பாத்தி மட்டும் எரு போட்டுக் கொத்தி வெச்சிருந்தது. எதுக்கு மாமான்னேன்.

"உன் தொட்டியெல்லாம் இட்டுனு வா. மாடியில வெயில் பத்தாது அதுங்களுக்கு."

வர்ற சனிக்கிழமை ஒரு மினி வேன் சொல்லியிருக்கேன்.