இரண்டு சுவிட்சுகளும் ஒரு கொப்பியும்

புலம்பெயர்ந்த நம்மவர்கள் ஊருக்குப் பெட்டி அனுப்புவதில் சளைத்தவர்கள் அல்லர். ஒரு காலத்தில் சொக்லேற்றும் சட்டைத் துணியும் வந்தன. பின்னர் பாடசாலைகளுக்குப் பாவித்த கணினிகள் வந்தன. 2016 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆவணக் காப்பு முயற்சிக்கு வந்து சேர்ந்தது ஒரு சேமிப்பகப் பெட்டி. எங்கோ ஒரு நிறுவனம் பாவித்துக் கழித்தது. அதை இறக்குவதற்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பழைய பத்திரிகைத் தொகுதிகளையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வராது வந்த மாமணிதான்.

பழைய பத்திரிகைக்காரன் என்ற ஒரே தகுதியில் என்னையும் அந்த முயற்சியின் ஆலோசனைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். முயற்சியின் பெயரோ அதில் உழைத்த இளைஞர்களின் பெயரோ இங்கே வேண்டாம். அவர்கள் விளம்பரம் விரும்பாதவர்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தானமாக வந்த சேமிப்பகத்தை அப்படி விட்டுவிட முடியாது. முதுகைத் திருப்பிப் பார்த்தேயாக வேண்டும். எமது பெட்டியின் முதுகில், தரவு போய்வருவதற்கென இருந்த துவாரங்கள் அனைத்தும் ‘பைபர் சனல்’ வகையைச் சேர்ந்தவை. வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் பாவிக்கும் சாதாரண வலையமைப்புக் கம்பியை அவற்றில் செருக முடியாது. வேறு கேபிள், சேர்வரில் வேறு அட்டை, நடுவிலே வேறு சுவிட்ச் வேண்டும். இனாமாக வந்த பெட்டிக்குப் பணம் கொடுத்து வழி அமைக்க வேண்டியதாயிற்று.

பைபர் சனல் என்பது 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்ட ஒரு முறை. சேர்வர்களையும் வன்தட்டுகள் நிறைந்த பெட்டிகளையும் இணைப்பதற்கென்றே வளர்ந்தது. சாதாரண வலையமைப்பில் நெரிசல் வந்தால் தரவுப் பொதிகள் கைவிடப்படும். அனுப்பியவர் மீண்டும் அனுப்பவேண்டும். பைபர் சனலில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. மறுமுனையில் இறக்கிவைக்க இடம் இருக்கிறது என்ற உத்தரவாதம் கிடைத்த பின்னரே ஒரு பொதி புறப்படும். சங்கக்கடை வரிசையில் முத்திரை கொடுத்து அரிசி வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. கையில் முத்திரை இருந்தால் சாமான். இல்லையேல் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சுவிட்சுகளால் உருவாகும் வலையமைப்பை ஆங்கிலத்தில் துணி என்று பொருள்படும் ‘பேப்ரிக்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். ஊடும் பாவுமாய் ஓடும் பாதைகள் என்பதனாற் போலும். ஒரு சேமிப்பகத்துக்கு இரண்டு பேப்ரிக்குகளை, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், தனித்தனியாக அமைக்கவேண்டும் என்பது இத்துறையின் எழுதாத சட்டம். ஒவ்வொரு சேர்வரிலிருந்தும் ஒரு கேபிள் முதலாவது சுவிட்சுக்கு, மற்றது இரண்டாவதற்கு. சேமிப்பகத்திலிருந்தும் அவ்வாறே.

குழுவில் வாதம் தொடங்கியது இங்கேதான். இருந்த பணத்துக்குப் புதிய, 16 கிகாபிட் வேகமுள்ள சுவிட்ச் ஒன்று வாங்கலாம். அல்லது பாவித்த, 8 கிகாபிட் சுவிட்சுகள் இரண்டு வாங்கலாம். புதியதை விட்டுப் பழையதை யார் வாங்குவார்கள்? அதுவும் ஒன்று போதுமாயிருக்க இரண்டு எதற்கு? கணக்குப் பார்க்கும் பொறுப்பிலிருந்தவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெடியன். தம்பி என்றே இங்கும் குறிப்பிடுகிறேன். அவர் வேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. “ஐயா, ஸ்கான் பண்ணின பேப்பரை வைக்கிறதுக்கு வேகம் தேவையில்லை. ஒரு சுவிட்ச் பழுதாப் போனா கொழும்பிலயிருந்து ஆள் வர எத்தினை நாள் செல்லும் எண்டதை யோசியுங்கோ” என்றார்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்த வாதம் உடனே விளங்கும். 1990 இல் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் செய்தி எழுதினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். புகையிரதமும் அவ்வாண்டிலேயே நின்றது; யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில். ஒரே பாதையை நம்பியிருந்த ஊருக்கு அந்தப் பாதை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும் பார்த்தோம். அன்று நான் குழுவில் இவ்வளவையும் சொல்லவில்லை. “தம்பி சொல்வதுதான் சரி” என்று மட்டும் சொன்னேன். இரண்டு பழைய சுவிட்சுகள் வாங்குவதென முடிவாயிற்று.

அப்பொழுது குழுவிலிருந்த ஒரு பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு, “இனி 81 நடக்காது” என்றார். அனைவரும் மௌனமானோம். 1981 ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்நாள்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. தம்பி அப்போது பிறக்கவேயில்லை. ஆயினும் பெரியவருக்கு மறுமொழி சொன்னவர் அவர்தான்:

“இல்லை ஐயா. ரெண்டு சுவிட்சும் ரெண்டு றோட்டுத்தான். லைப்ரரி ஒண்டுதான் இருக்குது. லைப்ரரி எரிஞ்சா றோட்டால என்ன பிரயோசனம்?”

நாற்பது ஆண்டுக்கு மேல் செய்தி எழுதிய எனக்கு இதைவிடத் தெளிவாக ஒரு விடயத்தைச் சொல்ல வராது. பாதை இரட்டிப்பது வேறு. பிரதி இரட்டிப்பது வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாந்த பெரிய நிறுவனங்களும் உலகில் உண்டு. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு பாதைகளாலும் அது ஒரேயடியாக அழிந்துபோகும்.

பொருத்திய நாளை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். சுவிட்ச் என்பது ஓர் அங்குலமும் முக்காலும் உயரமுள்ள தட்டையான இரும்புப் பெட்டி. முகப்பில் 24 துவாரங்கள். அவற்றில் 8 மட்டுமே வேலை செய்யும். மற்றவற்றைத் திறப்பதற்குத் தயாரிப்பாளரிடம் அனுமதி வாங்கவேண்டும், பணம் கட்டவேண்டும். வீடு வாங்கியவன் அறைக்கு அறை சாவிக்குக் காசு கொடுப்பது போன்றது. நல்ல வேளையாக எமக்கு ஒவ்வொரு சுவிட்சிலும் ஐந்து துவாரங்களே தேவைப்பட்டன: சேர்வர்களுக்கு மூன்று, சேமிப்பகத்துக்கு இரண்டு.

ஒவ்வொரு துவாரத்திலும் விரல் நீளத்தில் ஒரு சிறிய உலோகக் கட்டையைச் செருகுகிறார்கள். மின்குறிகளை லேசர் ஒளியாக மாற்றுவது அதுதான். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே கேபிளின் நுனியை உற்றுப் பார்க்கக் கூடாது என்றார் தம்பி. கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி நாரின் ஒளி செல்லும் பகுதி 50 மைக்ரோன் தடிப்பு. ஒரு தலைமயிரைவிடச் சிறியது. அதன் வாயிலில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஒளி மங்கும். எங்கள் ஊரில் செம்மண் தூசிக்கும் கடற்காற்றின் உப்புக்கும் பஞ்சமில்லை. எனவே பாவிக்காத துவாரங்கள் அனைத்துக்கும் றப்பர் மூடி. கேபிளைச் செருகுமுன் ஒவ்வொரு முறையும் நுனியைத் துடைக்கும் பேனா. அழுத்தி மடிக்காமல், உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் வளைத்துக் கட்டுதல்.

அடுத்து வலயம் வகுத்தல். எந்த சேர்வர் எந்த சேமிப்பகத்தைப் பார்க்கலாம் என்று சுவிட்சில் எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட 16 இலக்க அடையாளம் உண்டு. நமது தேசிய அடையாள அட்டை போல. ஒரு வலயத்தில் ஒரு சேர்வரின் அட்டையும் அது பார்க்கவேண்டிய சேமிப்பகத் துவாரங்களும் மட்டுமே இருக்கவேண்டும். இரண்டு சேர்வர்கள் ஒரே வன்தட்டைத் தத்தமது சொத்தென எண்ணி எழுதத் தொடங்கினால் இரண்டுக்கும் மிஞ்சாது. வேலிச் சண்டையில் ஊறிய எமக்கு இதற்கும் விளக்கம் தேவையில்லை.

எல்லாம் முடிந்தபின் தம்பி செய்த காரியம் எனக்குப் பிடித்தது. ஒரு பெரிய கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும்போதே முதலாவது சுவிட்சின் மின்சாரத்தைப் பிடுங்கினார். கோப்பு சில விநாடிகள் தயங்கி நின்று, பின் மற்றப் பாதையால் தொடர்ந்தது. திரும்பச் செருகிவிட்டு, இரண்டாவதைப் பிடுங்கினார். அதுவும் தொடர்ந்தது. “பிடுங்கிப் பாக்காத ரெண்டாவது பாதை, பாதை இல்லை ஐயா” என்றார்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துவாரத்திலும் பிழை எண்ணிக்கை கூடியிருக்கிறதா, ஒளியின் வலு குறைந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவார். வலு மெல்ல மெல்லக் குறைந்தால் நுனியைத் துடைக்கவேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் கட்டையை மாற்றவேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் ஒரு சுவிட்சில் மட்டும் செய்து, ஒரு கிழமை பொறுத்து, மற்றதில் செய்வார். இரண்டையும் ஒரே நாளில் தொடமாட்டார். அமைப்புகளின் பிரதியைச் சுவிட்சுக்கு வெளியே எடுத்து வைப்பார். இவை எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதியிட்டு எழுதினார். கணினிக்காரருக்குக் கொப்பி எதற்கு என்று கேட்டேன். கணினி நின்றுபோன நேரத்தில் கணினிக்குள் இருக்கும் குறிப்பை எப்படி வாசிப்பது என்று திருப்பிக் கேட்டார்.

அந்த நேரம் 2022 இல் வந்தது. மார்ச் மாத முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. பற்றரி தாங்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்தவேண்டும்: முதலில் சேர்வர்கள், பிறகு சேமிப்பகம், கடைசியில் சுவிட்சுகள். மின்சாரம் வந்ததும் தலைகீழாக: சுவிட்சுகள், சேமிப்பகம், அது முற்றாக எழும்பும்வரை பொறுமை, பிறகு சேர்வர்கள். வரிசை தவறினால் சேர்வர் எழும்பித் தன் வன்தட்டுகளைக் காணாமல் திகைக்கும். இந்த வரிசை கொப்பியின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. தம்பி டீசல் வரிசையில் நின்ற நாள்களில் காவலாளிகூட அதைப் பார்த்துச் செய்தார்.

அவ்வாண்டு இறுதியில் தம்பிக்கு வெளிநாட்டு விசா வந்தது. அவரைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். சுவிட்ச் இரண்டு, மின்வழி இரண்டு என்று எண்ணி எண்ணி அமைத்த எங்களிடம், அவற்றைத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். யாழ்ப்பாணத்தில் அடிக்கடி பழுதாகும் உதிரிப்பாகம் இதுதான்: கடவுச்சீட்டு உள்ள மனிதர்.

போவதற்கு மூன்று கிழமைகள் இருந்தன. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தங்கச்சியிடம் பொறுப்பு போகவிருந்தது. தம்பி ஒரு நாள் இரண்டாவது சுவிட்சின் அமைப்பைப் பிரதி எடுத்துவிட்டு, முழுவதுமாக அழித்தார். கொப்பியை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, “இதை மட்டும் பாத்துத் திரும்பக் கட்டு, பாப்பம்” என்றார். முதலாவது சுவிட்ச் வழியாக வேலை வழமைபோல ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று வாங்கியிருந்தால் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கவே முடியாது.

பிள்ளை பிற்பகல்வரை மினக்கெட்டுக் கட்டி முடித்தது. ஆனால் ஒரு சேர்வர் மட்டும் அந்தப் பக்கத்தால் சேமிப்பகத்தைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், 2019 இல் அந்த சேர்வரின் அட்டை மாற்றப்பட்டிருக்கிறது; சுவிட்சில் புதிய இலக்கத்தைக் கொடுத்தவர் கொப்பியில் திருத்தவில்லை. அந்தப் பிள்ளை சிவப்புப் பேனாவால் பழைய 16 இலக்கத்தை வெட்டிப் புதியதை எழுதி, திகதியிட்டுக் கையெழுத்தும் வைத்தது. அந்தக் கையெழுத்தோடு பொறுப்பு கைமாறியது என்றுதான் நான் கொள்கிறேன்.

பிரதியின் கதைக்கு வருகிறேன். தம்பி இருந்த காலத்திலேயே வன்தட்டுப் பிரதிகள் யாழ்தேவியில் கொழும்புக்குப் போகத் தொடங்கிவிட்டன. எங்கள் அறையின் கேபிள் நூறு மீற்றர் கணக்கில்தான் பேசும். கொழும்போ நானூறு கிலோமீற்றர். புகையிரதம்தான் எங்கள் நீண்ட கேபிள். மற்றொரு பிரதி கடல் கடந்திருக்கிறது.

யாழ்ப்பாண வைபவமாலையின் கையெழுத்துப் படி 1981 தீயில் எரிந்ததென்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அந்நூலை இன்றும் வாசிக்கிறோம். பிறிற்றோ அதை 1879 இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டிருந்தார். தமிழிலும் அது அச்சேறி வேறு கைகளுக்குப் போயிருந்தது. ஒரே ஏடாக இருந்தவை போயின. பிரதியாகிப் பரவியவை எஞ்சின. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் எம்மவர் நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருப்பதன் பெறுமதியும் அதுவே. 2013 ஏப்ரலில் உதயன் பத்திரிகையின் அச்சியந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஆகவே இது பழங்கதை என்று எவரும் சொல்லவேண்டாம்.

ஊருக்குப் பெட்டி அனுப்ப எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் அதன் முதுகைப் படம் பிடித்து இங்குள்ளவர்களுக்குக் காட்டுங்கள். அதற்கு வேண்டிய சுவிட்சுக்கும் கேபிளுக்கும் மேலதிகக் கட்டைகளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இன்னும் ஒரு தொகை மிச்சம் இருந்தால், அதை இயந்திரத்துக்குக் கொடுக்கவேண்டாம். இரண்டாவது ஆளைப் பயிற்றுவிக்கக் கொடுங்கள். அவரும் ஒரு நாள் போகக்கூடும். அதற்குள் மூன்றாவது ஆள் கொப்பியை வாசிக்கப் பழகியிருப்பார்.