புறத்திலிருந்து அகத்துக்கு

முலுண்டில் எங்கள் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்தால் பத்து நட்சத்திரங்கள் தேறினாலே அதிகம். மேற்கே தேசியப் பூங்காவின் குன்றுகள் மட்டும் இருட்டு. மற்றப் பக்கமெல்லாம் விளக்கு வெளிச்சம். இந்த வானத்தின் கீழ் உட்கார்ந்துதான் 2025 நவம்பரில் ஒரு செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் ஒரு சுருள் வடிவ நட்சத்திர மண்டலத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிரபஞ்சத்தின் இன்றைய வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதற்கு வெறும் 150 கோடி வயதானபோதே இந்த மண்டலம் இரண்டு கைகளை அழகாக விரித்து நின்றது. அவ்வளவு இளமையில் எல்லாம் கலைந்து குழம்பிக் கிடந்திருக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். நமது பால்வீதிக்கு இந்தியில் மந்தாகினி என்று பெயர். இமயத்தில் அந்த நதியோடு கலக்கும் சகோதரியான அலகநந்தாவின் பெயரைப் புதியவளுக்குச் சூட்டிவிட்டார்கள்.

'1,200 கோடி ஒளியாண்டுகளுக்கு முன்பு புறப்பட்ட ஒளி' என்று எழுதி, உரக்கப் படித்துப் பார்த்தேன். பக்கத்தில் பதினோராம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "ஒளியாண்டுன்னா தூரம்ப்பா. காலம் இல்லை."

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முன்பின் தெரியாத வாசகர்களுக்காக இத்தனை வருஷமாக எழுதுகிறேன். என் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. காதால் கேட்டே பிழையைப் பிடித்துவிட்டாள். 'ஆண்டுகளுக்கு' என்று திருத்திக்கொண்டேன்.

அடுத்த வரியில் 'அகச்சிவப்பு' வந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். இப்போது என் முறை.

சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி அகச்சிவப்பு. ஊதாவுக்கு அப்பால் தெரியாதது புற ஊதா. அகம், புறம் என்பவை சங்கப் பாடல்களைப் பிரித்த பழைய சொற்கள். உள்ளே நிகழும் காதல் அகம். வெளியே தெரியும் போரும் கொடையும் புறம். அலகநந்தாவின் இளம் நட்சத்திரங்களிலிருந்து புற ஊதாவாகப் புறப்பட்ட ஒளி, வழியெல்லாம் பிரபஞ்சம் விரிந்ததால் அலைநீளம் ஐந்து மடங்காக நீண்டு, அகச்சிவப்பாக வந்து சேர்கிறது.

அகச்சிவப்பை வெப்பமுள்ள எந்தப் பொருளும் வீசும். கருவியே சூடாக இருந்தால் மங்கலான மண்டலம் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். அதனால்தான் 2021 டிசம்பர் 25இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், சூரியனுக்கு மறைப்புக் கட்டி, உறைகுளிரில் வைத்திருக்கிறார்கள். அதோடு, ஆபெல் 2744 என்ற மண்டலக் கூட்டம் குறுக்கே நின்று, தன் ஈர்ப்பால் ஒரு லென்ஸைப் போல அலகநந்தாவின் ஒளியைப் பெருக்கிக் கொடுத்தது.

"புறத்துல கிளம்பி அகத்துக்கு வருது, இல்லையாப்பா?" என்றாள் மகள். அந்த இரண்டு சொற்களையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள், தேவநாகரியில்.

வாங்கிப் பார்த்தேன். திருத்த எதுவுமில்லை.